மோட்டார் பிசகும்போது இறக்கை என்ன செய்கிறது?

1928 ஜூன் 11 அன்று ஜெர்மனியின் வாஸ்ஸர்குப்பே மலையில், ஃபிரிட்ஸ் ஷ்டாமர் ‘என்டெ’ என்ற கிளைடரில் பறந்தார். வாலில் கருமருந்து அடைத்த இரண்டு ராக்கெட்டுகள். முதல் பறத்தல் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் தூரம் நன்றாகவே நடந்தது. அடுத்ததில் ஒரு ராக்கெட் வெடித்தது. இறக்கையில் துளைகள் விழுந்து தீப்பற்றியது. எரியும் விமானத்தைத் தரையிறக்கி ஷ்டாமர் உயிர் தப்பினார். அந்த வெடிப்பைவிட ஆய்வாளருக்குப் பயன்படும் செய்தி வேறொன்று. மருந்து எரிய எரிய இடம் மாறும் ஈர்ப்பு மையத்தைச் சரிக்கட்ட, விமானி அமரும் இடத்துக்கு அடியில் தானே நகரும் எதிர் எடை ஒன்று இருந்தது. வடிவமைத்த அலெக்சாண்டர் லிப்பிஷ், மோட்டாரை விமானத்தின் சமநிலையிலிருந்து பிரித்துப் பார்க்கவில்லை.

இன்றைய ரேடியோ கட்டுப்பாட்டு ராக்கெட் கிளைடர்களைப் பற்றிய பேச்சில் அந்தப் பார்வை நழுவிவிட்டது. மாதிரி விமானம் விழுந்தால் ‘மோட்டார் சரியில்லை’ என்று முடித்துவிடுகிறோம். மோட்டாரின் பிசகு எவ்வளவு பெரியது என்பதைக் காட்டிலும், அந்த நேரத்தில் விமானத்தின் வேகமும், மூக்கை மேலும் கீழும் திருப்பும் எலிவேட்டரின் நிலையும் என்ன என்பதே பெரும்பாலும் விளைவைத் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

இந்த விளையாட்டில் பரவலாகப் பயன்படும் ‘இ6’ வகை மோட்டாரை எடுத்துக்கொள்வோம். பெயரில் உள்ள எழுத்து, மொத்தக் கணத்தாக்கு 20 முதல் 40 நியூட்டன்-வினாடிக்குள் என்கிறது. எண், சராசரி உந்துவிசை 6 நியூட்டன் என்கிறது. 300 கிராம் கிளைடரின் எடை 2.94 நியூட்டன். அதாவது உந்துவிசை எடையைப்போல் இரண்டு மடங்குதான். அது பாதியாகக் குறைந்தாலே, செங்குத்தாக ஏறும் விமானத்துக்குத் தன் எடையைத் தாங்குவதைத் தவிர வேறெதற்கும் விசை மிஞ்சாது. காற்றின் இழுவை உடனே வேகத்தைத் தின்னத் தொடங்கிவிடும்.

மோட்டார் விக்குவது இங்கேதான் ஆபத்தாகிறது. திட எரிபொருள் எரியும் வேகம் மோட்டாரின் எரி அறையில் உள்ள அழுத்தத்தைப் பொறுத்தது. பற்றவைப்பான் சரியான இடத்தில் வைக்கப்படாமல் மேற்பரப்பில் ஒரு பகுதி மட்டும் தீப்பிடித்தால் போதுமான வாயு உண்டாகாது. அழுத்தம் விழும், தீ தணியும். மிச்சமிருக்கும் சூட்டில் மீண்டும் பற்றும். சாதாரண ராக்கெட் இதைச் சமாளித்துவிடலாம். கிளைடருக்கு இறக்கை இருக்கிறது. விசை தணிந்த கணத்தில் மூக்கு கவிழ்கிறது. பறக்கவிடுபவர் பதறி எலிவேட்டரை மேலே இழுக்கிறார். குறைந்த வேகத்தில் அதற்குப் பலன் தெரிவதில்லை, ஆகவே இன்னும் இழுக்கிறார். அடுத்த நொடி மோட்டார் முழு விசையோடு பற்றிக்கொள்கிறது. வேகம் இரட்டித்தால் அதே எலிவேட்டர் கோணம் நான்கு மடங்கு விசை தரும். விமானம் பின்னோக்கிச் சுழன்று தரையை நோக்கி வருகிறது, அதுவும் எரியும் மோட்டாருடன். அந்தச் சுழற்சி நேரடியாக மோட்டாரிலிருந்து வந்ததல்ல. மோட்டார் ஓய்ந்திருந்தபோது கொடுத்த கட்டளையிலிருந்து வந்தது. விக்கும்போது எலிவேட்டரை நடுவில் வைத்து, இறக்கைகளை மட்டும் சமப்படுத்துவதே பாதுகாப்பு என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

அறை வெடிப்பு வேறு வகை. கருமருந்துக் கட்டி வெப்பத்திலும் குளிரிலும் மாறி மாறி இருந்தால் விரிசல் விடும், அல்லது உறையிலிருந்து விலகும். தீ அந்த இடுக்கில் புகுந்ததும் எரியும் பரப்பு திடீரென்று பெருகி, அழுத்தம் உறையின் தாங்குதிறனைக் கடக்கிறது. அதன்பின் பறக்கவிடுபவரின் கையில் எதுவும் இல்லை. வெயிலில் நிற்கும் காருக்குள் மோட்டாரை விட்டுவைக்காதிருப்பதுதான் தடுப்பு.

சாதாரண ராக்கெட்டில் பாராசூட்டை வெளியே தள்ளும் வெளியேற்று மருந்தின் பிசகு மூன்றாவது. ரேடியோ கிளைடருக்குப் பாராசூட் இல்லை. ஆகவே முன்பக்கம் அடைத்த மோட்டாரையே போடுவார்கள். மறதியாக வெளியேற்று மருந்துள்ளதைப் போட்டால், எரிந்து முடிந்த பிறகு அது வெடித்துக் காலி உறையைப் பின்னால் தள்ளிவிடலாம். வாலில் இருந்த எடை போய்விட்டதால் ஈர்ப்பு மையம் முன்னே நகர்கிறது, மூக்கு கனத்துவிடுகிறது. அப்போது எலிவேட்டரை மேலே இழுப்பதுதான் சரி.

முதலாவதில் கெடுக்கும் அசைவு மூன்றாவதில் காப்பாற்றுகிறது. இரண்டையும் ‘மோட்டார் கோளாறு’ என்ற ஒரே தலைப்பில் எழுதிவைப்பதால் இந்த வேறுபாடு மறைந்துபோகிறது. அமெரிக்காவின் நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ராக்கெட்ரி அமைப்பு மோட்டார் பழுதுகளைத் திரட்டுவதற்கென்றே ஒரு கணக்கெடுப்பை நடத்துகிறது. பழுதான தயாரிப்புத் தொகுதியை அடையாளம் காண அது இன்றியமையாதது. கிளைடர்களைப் பொறுத்தவரை அதனுடன் இன்னும் சில விவரங்கள் சேர வேண்டும்: கிளம்பும்போது இருந்த எடை, மோட்டார் பொருத்திய நிலையிலும் எரிந்த பின்னும் ஈர்ப்பு மையம் இருந்த இடம், பிசகிய கணத்தில் எலிவேட்டரின் கோணம். சில கிராம் எடையுள்ள முடுக்கப் பதிவுக் கருவியைப் பொருத்தி, எலிவேட்டரை அசைக்கும் சர்வோவுக்குப் போகும் கட்டளையையும் அதே நேரக்கோட்டில் பதிவுசெய்தால், விசை முதலில் விழுந்ததா எலிவேட்டர் முதலில் அசைந்ததா என்பது வரைபடத்திலேயே தெரிந்துவிடும்.