துருவும் தகடும்: மலைநாட்டுப் பழங்கார்களைப் புதுக்கும் கலை

ஒரு நாட்டின் வரலாற்றை அரண்மனையும் கல்வெட்டும் மாத்திரமே உரைப்பன என்று கருதுதல் பொருந்தாது. மக்கள் நாடோறும் கையாண்ட பொருள்களும் அதனை உரைக்கும். இலங்கையின் மத்திய மலைநாட்டிலே, சிறப்பாக உடப்புசல்லாவை, இராகலை, கந்தப்பளை ஆகிய தேயிலைப் பகுதிகளிலே, பழைய மோட்டார் கார்களின் இரும்புத் தகடுகள் அத்தகைய சான்றுகளாகும். வீட்டு முற்றத்திலே பழங்காரொன்றைப் புதுக்க முற்படுபவர் அச்சான்றைக் காக்கின்றாரா, அன்றி அழிக்கின்றாரா என்பது ஆராய்தற்குரியது.

1948 ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்பமாகும். நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாகச் சென்ற குறுகிய புகையிரதப் பாதை, உடப்புசல்லாவைப் பாதை என்று பெயர் பெற்றிருந்தும் இராகலையுடனேயே நின்றுவிட்டது. 1903 இல் நுவரெலியாவையும் அடுத்த ஆண்டில் இராகலையையும் எட்டிய அப்பாதை 1948 இல் முற்றாக மூடப்பட்டது. பின்னர் மலைநாட்டின் அப்பகுதி நெடுஞ்சாலைகளையே நம்பி வாழலாயிற்று. அதே ஆண்டில் மொறிஸ் மைனர் என்னும் சிறிய கார் இங்கிலாந்தில் முதன்முதலாகக் காட்சிக்கு வைக்கப்பட்டது. அதே ஆண்டிலேதான் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. துரைமார் காரிற் சென்ற சாலையின் ஓரத்திலே, அச்சாலையை வெட்டிய மக்களின் வழித்தோன்றல்கள் உரிமையிழந்து நடந்து சென்றனர்.

1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கையிற் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. எஞ்சியிருந்த ஆங்கிலத் துரைமாரிற் பலர் நாடு திரும்பினர். 1977 இல் இறக்குமதி தளர்த்தப்படும்வரை, உள்ள காரையே ஓட்டுதல் வேண்டும் என்னும் நிலை நிலவிற்று. உதிரிப்பாகம் கிடையாதபோது அதனைக் கையாலே செய்தல் வேண்டும். ‘பாஸ்’ என மக்கள் மதிப்புடன் அழைக்கும் வினைஞரின் டிங்கரிங் திறமை இத்தேவையினால் வளர்ந்தது. வறுமை சிலவேளை கலைக்கும் தாயாகும்.

இனி அக்கலையின் இயல்பை நோக்குவோம். தொடக்ககாலக் கார்களின் உடல், மரச்சட்டத்தின் மேல் தகடறைந்து அமைக்கப்பட்டது. 1926 இல் இங்கிலாந்தின் கவுளி நகரில் நிறுவப்பட்ட பிரெஸ்ட் ஸ்டீல் கம்பனி, அச்சில் அழுத்தி உருவாக்கிய உருக்குத் தகடுகளை அங்குப் பரவச் செய்தது. மொறிஸ் மைனரோ தனிச்சட்டமின்றி, உடலே சட்டமாக அமைந்த வண்டியாகும். ஆகவே அதன் கதவின் கீழ்ப்படியிலே துருவேறின் அழகு மாத்திரம் கெடுவதன்று. வண்டியின் முதுகெலும்பே தளரும்.

இவ்வண்டியின் பிறப்பிலேயே ஒரு பாடம் உண்டு. அதனை வகுத்த அலெக் இசிகோனிஸ், மாதிரி வண்டி ஒடுங்கியிருத்தலைக் கண்டு அதனை நடுவே பிளந்து நான்கு அங்குலம் அகலமாக்கினார். முன்னரே செய்யப்பட்டிருந்த பம்பர்களும் நடுவில் வெட்டப்பட்டு, இடையிலே ஒரு துண்டு பொருத்தப்பட்டன. பொனட்டின் நடுவே ஓடும் பட்டையும் அவ்விரிவின் தழும்பே. இதனை அறியாதவன் பம்பரின் நடுத்துண்டைப் பிற்காலத்து ஒட்டுவேலை என்றெண்ணி நீக்கக்கூடும். எது பழுது, எது வரலாறு என்று பகுத்தறிதலே புதுக்குவோனின் முதற்கடன்.

இரும்பும் நீரும் காற்றும் கூடிய இடத்திலே துரு பிறக்கும். உடப்புசல்லாவையின் மூடுபனியும் வடகீழ்ப்பருவ மழையும் அதற்குத் துணையாவன. மட்காட்டின் உட்புறத்திலே சேற்றை அள்ளித் தேக்கும் மடிப்புகள், கதவின் அடிவிளிம்பு, பின்வில்லுகள் பொருந்தும் இடம் ஆகியன முதலில் அரிபடும். மேலே குமிழி தோன்றும்போது கீழே துளை விழுந்திருத்தல் பெரும்பான்மை. ஆதலின் பழைய மையை முற்றாக நீக்கித் தகட்டைக் கண்ணாரக் காணாமல் எவ்வேலையும் தொடங்கலாகாது.

வெட்டுமுன்னரே கதவுகளைப் பொருத்தி, இடைவெளிகளை அளந்து, உடலுக்குள்ளே குறுக்குத் தாங்கிகள் இடுதல் வேண்டும். இன்றேல் கீழ்ப்படியை அறுத்தவுடன் உடல் வளைந்து, பின்னர்க் கதவு மூடாது. நல்ல இரும்பு காணும்வரை துருவை வெட்டியெறிந்து, அதே கனமுள்ள தகட்டை வளைத்துப் பொருத்துதல் முறை. வெல்டிங்கை ஒரே ஓட்டமாகச் செய்யின் வெப்பத்தால் மெல்லிய தகடு நெளியும்; ஆகையால் இங்கொரு புள்ளியும் அங்கொரு புள்ளியுமாக இட்டு ஆறவிடுவர். நெளிவைக் கீழே தாங்குமிரும்பு பிடித்து மேலே இலேசாகச் சுத்தியலால் தட்டி நிமிர்த்துவர். மிகையாக அடிபட்ட தகடு நீளும்; அவ்விடத்தைச் சிறு வட்டமாகச் செந்நிறமாகும்வரை காய்ச்சி, ஈரத்துணியால் ஒற்றினாற் சுருங்கும். கண்ணுக்குத் தோன்றாத மேடுபள்ளம் உள்ளங்கைக்குத் தோன்றும். எனவே நல்ல பாஸ் கண்ணை மூடித் தடவியே தீர்ப்புச் சொல்வார்.

முற்காலத்திற் சிறு பள்ளங்களை ஈயக்கலவையால் நிரப்பினர். காரீயம் மிகுந்தும் வெள்ளீயம் குறைந்தும் சேர்ந்த அக்கலவை களிபோல் இளகும் நிலையிலே மரத்தட்டையால் வழிக்கப்படும். அதன் தூள் நஞ்சாதலின், விசைக்கருவியால் அராவாது கையரத்தால் அராவுதல் வேண்டும். 1950களிற் புழக்கத்திற்கு வந்த செயற்கைப் பட்டி மலிவும் எளிமையும் உடையது. நல்ல தகட்டின் மேல் மெல்லிதாகப் பூசின் அது குற்றமன்று. துருத்துளையை அதனால் அடைத்து மையடிப்பதோ வஞ்சனையாகும். பட்டி ஈரத்தை உறிஞ்சும். உள்ளே துரு வளரும். சில பருவங்களுள் உண்மை வெளிவரும். வாங்குவோன் பணத்தை இழப்பதோடு அமையாது, வளைந்த மலைச்சாலையில் உயிரையும் இழக்க நேரலாம்.

காரின் உடலிலே மிகச் சிறியதும், மிகுந்த வரலாறு செறிந்ததுமான தகடு இலக்கத்தகடாகும். பழைய வண்டிகள் ‘சிலோன்’ என்னும் ஆங்கிலப் பெயரின் எழுத்துக்களைத் தாங்கின. 1957 இலே சிங்கள எழுத்திலமைந்த ‘ஸ்ரீ’ புகுத்தப்பட்டபோது தமிழர் அதனை எதிர்த்துக் கிளர்ந்தனர். அக்கொந்தளிப்பு மலைநாட்டிற்கும் பரவி, 1958 ஏப்பிரலில் பொகவந்தலாவையிற் பொலிசார் சுட்டதிலே தோட்டத் தொழிலாளர் இருவர் மாண்டனர். கண்ணுக்கு இனியதன்று என்று அத்தகைய தகட்டை மாற்றி எழுதுதல் அவ்வுயிர்களின் நினைவையும் துடைப்பதாகும். துருவை நீக்குதல் வேண்டும், தழும்பை நீக்கலாகாது.

இந்நாட்டு வினைஞரின் கைத்திறன் பிறநாட்டாராலும் மதிக்கப்பட்டது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையத்தை நிறுவிய சார்ள்ஸ் வெயரின் முயற்சியால், 1990களில் இலங்கைப் பட்டறையிலே செய்யப்பட்ட உடற்றகடுகள் அவ்வண்டி பிறந்த நாட்டிற்கே ஏற்றுமதியாயின. வாங்கியவன் விற்றவனுக்கே கற்பிக்கும் நிலை அது. 2020 இல் மீண்டும் தடைப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025 வரை திறக்கப்படாமையாற் பழங்காரின் பெறுமதியும் உயர்ந்தது. விலை உயர உயரப் பொய்மெருகின் ஆசையும் உயரும் என்பது நினைவிலிருத்தற்குரியது.

பழம்பொருளைப் புதுக்குவோனும் வரலாறெழுதுவோனும் ஒரே தொழிலினர். அழுகிய பகுதியை அஞ்சாது வெட்டுதலும், பொருந்தும் சான்றை உரிய இடத்திற் சேர்த்தலும், ஒட்டிய இடத்தை மறைக்காமல் உண்மையை உரைத்தலும் இருவருக்கும் பொது. பளபளப்பு ஒரு மழைக்கு நிற்கும். நேர்மையான வேலையோ தலைமுறைக்கு நிற்கும்.