வேலியோரத்துக் கார்த்திகைப்பூ: வளர்க்க விரும்புவோருக்குச் சில குறிப்புகள்

2010 இல் முகாமிலிருந்து வன்னியில் உள்ள எங்கள் வளவுக்குத் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை. கிணறு மண்ணும் குப்பையும் நிரம்பிக் கிடந்தது. வேலிக்கு நட்ட கிளுவைக் கதியால்கள் மட்டும் வெட்டுவாரின்றி மரமாகி நின்றன. ஐப்பசி மழை தொடங்கிச் சில நாட்களில் அந்தக் கிளுவைகளின் அடியில் ஒரு பச்சைத் தண்டு எழும்பியது. புல்லோடு சேர்த்து அதையும் செருக்கப் போனேன். "அதை விடு தம்பி, அது கார்த்திகைப்பூக் கொடியெல்லோ" என்று அம்மா தடுத்தார். அந்தக் கார்த்திகையில் அது பூத்தது. நாங்கள் இல்லாத மாரியிலும் அது பூத்துத்தான் இருக்க வேண்டும்.

அன்றிலிருந்து இந்தக் கொடியை வளர்த்து வருகிறேன். அடிக்கடி என்னிடம் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதுகிறேன்.

கார்த்திகைப்பூ, காந்தள், செங்காந்தள் எல்லாம் ஒரே செடிதான். கிழங்கு கலப்பை போல வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும் சொல்வார்கள். சிங்களத்தில் நியங்கலா. தாவரவியலில் குளோரியோசா சுபர்பா. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் பூக்களில் முதலாவது காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே. எங்களுக்கு இது வேறென்னவாக இருக்கிறது என்பதை வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பாடசாலை விளையாட்டுப் போட்டியில் இந்தப் பூவின் வடிவத்தை அலங்காரமாக வைத்ததற்கே விசாரணை நடந்ததைச் செய்திகளில் படித்திருக்கிறோம். ஆனால் மழை பெய்தால் முளைக்கும் செடியை யாரும் விசாரிக்க முடியாது.

இது மென்மையான கொடி. தண்டு கையால் வளைத்தாலே முறிந்துவிடும். முல்லையைப் போலத் தண்டால் சுற்றி ஏறாது. இலையின் நுனியே நீண்டு சுருண்டு, பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். எனவே தடித்த தூண் இதற்கு உதவாது. அந்தச் சிறு சுருளால் அதைப் பிடிக்க முடியாது. மெல்லிய கிளைகள் வேண்டும். எங்கள் கிளுவை வேலி இதற்கென்றே அமைந்தது போன்றது. தமிழ்நாட்டில் மூலனூர், தாராபுரம் பக்கங்களில் விதைக்காக இதைத் தோட்டப் பயிராகச் செய்பவர்களும் முட்கிளுவையில் படர விடுவதுண்டு.

நடுவதற்குப் புரட்டாதிக் கடைசி நல்ல காலம். கிழங்கை இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் படுக்க வைத்து மூட வேண்டும். கிழங்கின் ஒவ்வொரு கவரின் நுனியிலும் ஒரேயொரு முளைதான் இருக்கும். அந்த நுனி உடைந்தால் அந்தக் கவர் முளைக்காது. கிழங்கை வாங்குபவர்கள் பருமனைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது நுனியை. நீர் வடியும் செம்பாட்டு மண்ணும் மணல் கலந்த மண்ணும் ஏற்றவை. களிமண்ணில் மழைநீர் தேங்கினால் கிழங்கு அழுகும். அப்படியான வளவு என்றால் மண்ணை மேடாக்கி நடுங்கள். அடியில் நிழலும் தலையில் வெயிலும் இதற்குப் பிடிக்கும்.

மொட்டு பச்சையாகத் தலை குனிந்து தொங்கும். விரியும்போது ஆறு இதழ்களும் பின்னோக்கி மேலே மடியும். முதலில் மஞ்சள், பிறகு நுனியிலிருந்து சிவப்பு இறங்கி, கடைசியில் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் எல்லா நிறமும் ஒன்றாக நிற்கும்.

இனித்தான் பலரும் பிழை விடுகிறார்கள். மாரி முடிய இலை மஞ்சளாகும், தண்டு காயும். பட்டுவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றுவார்கள், அல்லது அலவாங்கால் கிண்டிப் பார்ப்பார்கள். கொடி பட்டுப் போகவில்லை. பழைய கிழங்கு சுருங்கி, அதனிடத்தில் புதுக்கிழங்கு நிலத்துக்குள் கிடக்கிறது. கோடை முழுவதும் தண்ணீர் வேண்டாம், கிண்டவும் வேண்டாம். நானே முதலாவது வருடம் ஆசையில் கிண்டிப் பார்த்து நுனிகளை உடைத்தவன். எங்கே இருக்கிறது என்று மறந்துபோகாமல் ஒரு தடியை மட்டும் நட்டு வையுங்கள்.

குளிர் நாடுகளில் இருக்கும் உறவுகள் சாடியில் வளர்க்கலாம். இளவேனிலில் வீட்டுக்குள் நட்டு, குளிர் போன பின் வெளியே வைக்க வேண்டும். அங்கே அது கோடையில்தான் பூக்கும். கார்த்திகையில் கிழங்கு உலர்ந்த இடத்தில் உறங்கிக்கொண்டிருக்கும். இதைச் சொன்னபோது கனடாவில் இருக்கும் என் தங்கை நீண்ட நேரம் பேசாமல் இருந்தாள்.

அழகைச் சொல்லிவிட்டு நஞ்சைச் சொல்லாமல் விட முடியாது. செடி முழுவதும் நஞ்சு. கிழங்கும் விதையும் மிகக் கொடியவை. கீல்வாத மருந்தாகப் பயன்படும் கொல்கிசின் இதில் இருக்கிறது. அவித்தாலும் நஞ்சு போகாது. வற்றாளை, வள்ளி என்று நினைத்துத் தின்றவர்கள் இறந்திருக்கிறார்கள். பிழைத்தவர்களுக்கு முடி கொட்டியிருக்கிறது. காட்டுக்கிழங்கு தோண்டிப் பசியாறிய நாட்கள் எங்களுக்கும் இருந்தன என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். வாந்தியும் வயிற்றோட்டமும் சில மணி நேரம் கழித்தே தொடங்கும். யாராவது தின்றிருந்தால் அதுவரை காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். காய் வெடித்து வெளிவரும் சிவந்த விதைகள் குழந்தைகளின் கண்ணைக் கவரும். சின்னப்பிள்ளைகள் உள்ள வீட்டில் காய்களைப் பிஞ்சிலேயே நறுக்கிவிடுங்கள். கிழங்கைத் தொட்டால் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

இன்னொன்று. கார்த்திகை நெருங்கியதும் சிலர் பற்றைக்காடுகளில் கொடியைக் கிழங்கோடு பிடுங்குகிறார்கள். பூத்து நிற்கும் கொடியைப் பிடுங்கி நட்டால் பெரும்பாலும் தப்பாது. காட்டிலும் ஒரு செடி குறைந்துவிடும். மேலும், கண்ணிவெடி அகற்றி முடியாத நிலம் வடக்கில் இன்னும் இருக்கிறது. அப்படியான இடத்தில் ஒரு கிழங்குக்காக மண்ணைக் கிண்ட வேண்டாம். அயலில் வளர்ப்பவரிடம் கேளுங்கள், அல்லது விதை போடுங்கள். விதை முளைக்க மாதங்கள் எடுக்கும். பூக்க மூன்று நான்கு வருடங்கள் ஆகும்.

அம்மா இருந்த காலத்தில் நானும் அவரும் போட்ட விதைகளில் ஏழு முளைத்தன. மூன்றாவது மாரியில் இரண்டு பூத்தன. மற்ற ஐந்தும் இந்த ஐப்பசியில் ஒரு முழம் உயர்ந்து கிளுவையைப் பிடித்திருக்கின்றன. இன்னும் மொட்டு வரவில்லை.