இயக்கியில்லா அச்சிடல்: கட்டற்ற இயங்குதளங்களில் அதன் வரலாறு

கணினியில் உள்ள பக்கத்தை அச்சுப்பொறிக்குப் புரியும் ஆணைகளாக மாற்றித் தரும் நிரலே இயக்கி. பேச்சுவழக்கில் 'டிரைவர்'. நிறுவனம் மூல நிரலை வெளியிடாமல், தொகுத்த வடிவில் மட்டும் தரும் துணை நிரல் தனியுரிமச் செருகுநிரல் எனப்படும். இவை எதுவும் தேவையின்றி, பொது நெறிமுறை ஒன்றின் வழியே கணினியும் அச்சுப்பொறியும் நேரடியாக உரையாடுவது இயக்கியில்லா அச்சிடல்.

தொடக்கம்

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் வேர்களில் ஒன்று ஓர் அச்சுப்பொறிச் சிக்கல். 1980 வாக்கில் எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. தாள் சிக்கினால் பயனருக்குத் தெரிவிக்கும் வசதியை அதில் சேர்க்க ரிச்சர்ட் ஸ்டால்மன் விரும்பினார். மூல நிரல் அவருக்கு மறுக்கப்பட்டது. 1983இல் அவர் குனு திட்டத்தை அறிவித்ததற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

1999இல் மைக்கேல் சுவீட் உருவாக்கிய 'கப்ஸ்' என்ற அச்சு மேலாண்மை மென்பொருள் வெளிவந்தது. அதே ஆண்டில் வரையறுக்கப்பட்ட ஐபிபி என்ற இணைய அச்சு நெறிமுறையே அதன் அடித்தளம். ஆப்பிள் 2002இல் கப்ஸைத் தன் மேக் இயங்குதளத்தில் சேர்த்தது. 2007இல் அதன் நிரலையே வாங்கியது. கப்ஸ் தொடர்ந்து கட்டற்ற மென்பொருளாகவே இருந்தது.

மலிவான பொறியும் மூடிய நிரலும்

விலையைக் குறைக்க, பக்கத்தைப் புள்ளிகளாக வரையும் வேலையை நிறுவனங்கள் அச்சுப்பொறியிலிருந்து கணினிக்கு மாற்றின. இந்திய ஜெராக்ஸ் கடைகளிலும் அலுவலகங்களிலும் நன்கு அறிமுகமான எச்பி லேசர்ஜெட் 1020, கேனன் எல்பிபி 2900 இரண்டும் இந்த வகையே. கேனன் பொறி கேப்ட் என்ற அந்நிறுவனத்தின் சொந்த மொழியில் இயங்குவது. எச்பி 1020க்கோ ஒவ்வொரு முறை மின்சாரம் வந்ததும் நிலைபொருளை, அதாவது பொறிக்குள் இயங்கும் நிரலை, கணினியே ஏற்றியாக வேண்டும்.

லினக்சுக்காக எச்பி வழங்கும் எச்பிலிப் தொகுப்பு பெரும்பாலும் திறமூலம். ஆனால் சில மாதிரிகளுக்குத் தனியுரிமச் செருகுநிரலையும் இணையத்திலிருந்து இறக்க வேண்டும். எச்பிலிப்பின் பதிப்பும் செருகுநிரலின் பதிப்பும் பொருந்த வேண்டும் என்பதால், இயங்குதளத்தைப் புதுப்பித்தால் அதையும் மறுபடி இறக்க நேரும். மூடிய கட்டமைப்புகளைத் தன்னார்வலர்கள் ஆராய்ந்து மாற்று இயக்கிகளும் எழுதினர். எச்பி 1020க்கு உதவிய 'ஃபூ2இசட்ஜேஎஸ்' அவற்றுள் ஒன்று.

தமிழ்நாட்டில்

2007இல் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சீ-டாக்கின் சென்னை மையத்திலிருந்து, டெபியனை அடிப்படையாகக் கொண்ட 'பாஸ்' லினக்ஸ் வெளிவந்தது. அதே காலத்தில் தமிழ்நாடு அரசின் மின்னணு நிறுவனமான எல்காட், அப்போதைய நிர்வாக இயக்குநர் சி. உமாசங்கரின் முயற்சியால் சூசே லினக்சுக்கு மாறியது. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு முடிவுற்ற 2014இல், அரசுத் துறைகள் பாஸைப் பயன்படுத்துமாறு தமிழ்நாடு அரசு அறிவுறுத்தியது. இயங்குதளம் மாறினாலும் மேசை மேல் இருக்கும் அச்சுப்பொறி பழையதுதான். ஆகவே இத்தகைய மாற்றம் எங்கு நடந்தாலும் இயக்கி முக்கியமான கேள்வியாகிறது.

திறந்த நெறிமுறை

2010இல் ஆப்பிள், கைப்பேசியிலிருந்து நேரடியாக அச்சிட உதவும் ஏர்பிரிண்டை அறிமுகப்படுத்தியது. கைப்பேசியில் இயக்கி நிறுவ வழியில்லாததால், அச்சுப்பொறியே பொது மொழி பேச வேண்டிய கட்டாயம் பிறந்தது. 2013இல் அச்சுப்பொறிப் பணிக்குழு 'ஐபிபி எவ்ரிவேர்' தரத்தை வெளியிட்டது. அதே ஆண்டில் அச்சுப்பொறி நிறுவனங்களின் மோப்ரியா கூட்டமைப்பும் உருவானது.

இம்முறையில் அச்சுப்பொறி தன் இருப்பை உள்வலையமைப்பில் தானே அறிவிக்கும். தாள் அளவு, வண்ணம், இருபக்க அச்சு போன்றவற்றைக் கணினி கேட்டறிந்து, பக்கத்தைப் பிடிஎஃப் ஆகவோ புள்ளிப் படமாகவோ அனுப்பும். எழுத்துருவைக் கணினியே வரைந்தோ கோப்பில் பொதிந்தோ அனுப்பிவிடுவதால், அச்சுப்பொறிக்குத் தமிழ் தெரிந்திருக்கத் தேவையில்லை. யூஎஸ்பி கம்பியில் இணைத்த பொறிகளுக்கும் இவ்வழியைத் திறக்கும் 'ஐபிபி-யூஎஸ்பி' நிரலை அலெக்சாண்டர் பெவ்ஸ்னர் எழுதினார்.

மலைப்பகுதிக்கான பொருத்தம்

திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் பரந்துள்ள ஜவ்வாது மலை போன்ற இடங்களில், செருகுநிரல் வேண்டும் பொறிக்கும் வேண்டாத பொறிக்கும் உள்ள வேறுபாட்டின் எடை கூடுகிறது. இணைய இணைப்பு நிலையாகக் கிடைக்காத சிற்றூரில், செருகுநிரலை இறக்க முடியாவிட்டால் பள்ளியின் வினாத்தாளும் ஊராட்சிக்கான மனுவும் காத்திருக்க வேண்டும். ஜமுனாமரத்தூர்க்காரர் உதவி தேடி ஆலங்காயத்துக்கோ போளூருக்கோ மலையிறங்க நேரும். இயக்கியில்லா அச்சிடலுக்கு வெளியிணைய இணைப்பே வேண்டாம். ஒரு கம்பியோ அறைக்குள் இருக்கும் வைஃபையோ போதும்.

இன்றைய நிலை

கப்ஸை உருவாக்கி, பின்னர் ஆப்பிளில் பணியாற்றிய சுவீட் 2019 இறுதியில் அங்கிருந்து விலகினார். அதன்பின் டில் காம்பெட்டர் வழிநடத்தும் ஓப்பன்பிரிண்டிங் திட்டம் கப்ஸின் வளர்ச்சியை ஏற்றது. கப்ஸின் மூன்றாம் தலைமுறை பழைய பாணி இயக்கிகளைக் கைவிடும் வகையில் திட்டமிடப்பட்டுள்ளது. விண்டோசிலும் பிற நிறுவன இயக்கிகளைப் படிப்படியாக விலக்குவதாக மைக்ரோசாஃப்ட் 2023இல் அறிவித்தது.

பழைய பொறிகளுக்காக 'அச்சுப்பொறிச் செயலி' என்ற வகை நிரல்கள் எழுதப்படுகின்றன. பழைய பொறியை ஐபிபி பேசும் புதிய பொறியைப் போலக் கணினிக்குக் காட்டுவது இவற்றின் பணி. ஆனால் எச்பிலிப்பின் அச்சுப்பொறிச் செயலியிலும் சில மாதிரிகளுக்கு அதே தனியுரிமச் செருகுநிரல் வேண்டியிருக்கிறது. எனவே பள்ளிக்கோ அலுவலகத்துக்கோ புதிதாக அச்சுப்பொறி வாங்குவோர், அது ஏர்பிரிண்ட், ஐபிபி எவ்ரிவேர், மோப்ரியா ஆகியவற்றுள் ஒன்றையேனும் ஏற்கிறதா என்று பெட்டியின் மேல் பார்த்து வாங்குவது நல்லது. நிறுவனம் செருகுநிரல் தருவதை நிறுத்திய பிறகும் உழைக்கக்கூடிய பொறி அதுதான்.