படகர் கணக்கும் தோட்ட லயன்களும்

மானுடவியலாளர் பால் ஹாக்கிங்ஸ் 1960களில் நீலகிரிக்கு வந்து, படகர்களைப் பற்றி அரை நூற்றாண்டு எழுதினார். அவர்களது குடும்ப அமைப்பையும் மக்கள்தொகையையும் ஆராயும் அவரது நூல் 1999இல் வெளிவந்தது. அவ்வுழைப்பை மதிக்கிறோம். ஆயினும் இம்மலையின் மக்கள்தொகையை மாற்றியது அந்த 1960களின் வேறொரு நிகழ்வு.

1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. தாயகம் திரும்பியோருள் பெரும்பகுதியினர் தலித்துகள். அவர்களுக்கு வேலை தர 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டம், 1976இல் டான்டீ நிறுவனமாயிற்று. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு தரும் கடமையை நிர்வாகத்தின்மீது சுமத்திற்று, ஆனால் வேலை உள்ளவரைதான். பணி ஓய்ந்தால் லயன் வீட்டையும் காலி செய்ய வேண்டும். கூடலூரிலும் கோத்தகிரியிலும் கணக்கெடுக்கச் செல்லும் மாணவர்கள், வீட்டில் எத்தனை பேர் என்பதோடு, பட்டா எவர் பெயரில், ஓய்வுக்குப்பின் குடியிருப்பு எங்கே என்பதையும் கேட்டெழுத வேண்டுகிறோம்.