ரிச்மன் மறைவும் வானொலிக் கம்பியும்

பிழைப்புக்காகவன்றி விருப்பத்தினால் வானொலி நிலையம் நடத்துவோரை அமெச்சூர் வானொலியாளர் என்கிறோம். அவர்கள் கூரைமேல் உயர்த்தும் ஏரியல் கம்பிக்கு, வானொலியினும் முற்பட்ட ஒரு வரலாறு உண்டு.

ரஷ்யாவில் பீட்டர்ஸ்பர்க் நகர அறிவியற் கழகத்தில் பௌதிகப் பேராசிரியராக விளங்கியவர் கியோர்க் வில்ஹெல்ம் ரிச்மன். முகிலின் மின்சாரத்தை அளக்க விரும்பிய அவர், தம் வீட்டுக் கூரையில் ஓர் இரும்புத் தண்டை நட்டு, அதிலிருந்து அறைக்குள் கம்பி இறக்கினார். கம்பி சேரும் உலோகக் கோலில் ஒரு நூல் தொங்கும். நூல் விலகும் அளவே மின்சாரத்தின் அளவு. நூல் விலக வேண்டுமாயின் மின்சாரம் கோலிலேயே தங்கவேண்டும் அன்றோ? ஆதலின் தண்டுக்கும் நிலத்துக்கும் தொடர்பே வைக்கவில்லை. கருவி செம்மையாக இயங்கியதற்கும் ரிச்மன் மாண்டதற்கும் காரணம் இஃதொன்றே.

1753 ஆகஸ்ட் 6-ஆம் நாள் (அக்கால ரஷ்யக் கணக்கில் ஜூலை 26) கழகக் கூட்டத்தில் இருந்தவர் இடியோசை கேட்டு, சித்திரச் செதுக்குநர் சொகொலோவ் என்பவருடன் வீட்டிற்கு விரைந்தார். கோலிலிருந்து ஓரடித் தொலைவில் நின்ற அவர் நெற்றியில், கைமுட்டியளவு நீலநெருப்புப் பாய்ந்தது. நெற்றியில் சிவந்த வடு, காலணியில் கிழிசல். நிலத்துக்கு வழி காணாத மின்சாரம் மனித உடலையே வழியாக்கிக்கொண்டது. சொகொலோவ் கீழே வீழ்ந்தும் உயிர் தப்பினார்.

அதே வேளையில் தம் வீட்டில் இத்தகைய சோதனையே செய்துகொண்டிருந்த லொமனோசவ், அன்றே ஷுவாலோவ் பிரபுவுக்குக் கடிதம் எழுதினார். நண்பரின் குடும்பத்துக்கு உதவி வேண்டிய அவர், இச்சாவைக் காட்டி அறிவியலைப் பழிக்க இடந்தரலாகாது என்றும் கேட்டுக்கொண்டார். துயரத்திடையிலும் அவர் கொண்ட கவலை போற்றத்தக்கது.

1895-இல் அதே நகரில் போபோவ் தம் வானொலி ஏற்பியைக் காட்டினார். அதன் உள்ளுறுப்பு, உலோகத்தூள் அடைத்த கண்ணாடிக் குழாய். குழாயின் ஒரு முனை உயரக் கம்பியோடும், மறுமுனை நிலத்தோடும் இணைக்கப்பட்டிருந்தன. அது முதலிற் பெற்ற தொழில் தொலைவிலுள்ள மின்னலை அறிவித்தலே என்பது சுவையான செய்தி.

பின்னர் அமெச்சூர் வானொலியாளர் ஏரியலைக் கருவியிலிருந்து பிரித்து நிலத்தோடு சேர்க்கும் கத்தி விசையை வீட்டின் வெளிப்புறத்தே பொருத்தலாயினர். ஏரியலைக் கழற்றி மேசைமேல் விடுவது காப்பாகாது. கருவி தப்பினும், அறைக்குள் அதே ரிச்மன் கோல்தான் இருக்கும். இடி கேட்டபின் கழற்றப் போகிறவரும் அவர் நின்ற இடத்தில்தான் நிற்கிறார். விசையை மழைமுகில் கூடுமுன்பே, அன்றாடம் வேலை முடிந்தவுடனே திருப்பிவிடுதல் நன்று.

நேரே இடி வீழவேண்டும் என்பதும் இல்லை. அண்மையில் வெட்டும் மின்னல் கம்பியில் மின்சாரத்தைத் தூண்டிவிடும். மின்னோட்டம் மின்கம்பி வழியாகவும் வீட்டுக்குள் வரலாம். ஆகவே மின் இணைப்பையும் பிடுங்கிவைத்தல் வேண்டும். ஏரியலுக்கு ஒரு நிலத்தண்டு, வீட்டு மின்சாரத்துக்கு வேறொரு நிலத்தண்டு எனத் தனித்தனியே விட்டுவிடுதலும் தவறு. இடி வீழ்கையில் இவ்விரண்டிற்கும் இடையே பல்லாயிரம் வோல்ட் வேறுபாடு எழும். அவ்விடைவெளியில் இருப்பவை கருவியும் அதைத் தொட்டிருக்கும் கையுமே. நிலத்தண்டுகள் அனைத்தையும் தடித்த செப்புக் கம்பியால், வளைவின்றி, குறுகிய வழியில் ஒன்றோடொன்று பிணைக்கவேண்டும்.