கையியக்க உலர் மூலிகை ஆவியாக்கி

கையியக்க உலர் மூலிகை ஆவியாக்கி என்பது உலர்ந்த இலை, பூ முதலிய தாவரப் பொருட்களை எரிக்காமல் சூடாக்கி, அவற்றிலிருந்து வெளிப்படும் ஆவியை உள்ளிழுக்கப் பயன்படும் சிறு கருவி ஆகும். இதில் மின்கலமோ, மின்சூட்டியோ, வெப்பநிலை காட்டும் திரையோ இல்லை. தீச்சுடர் அல்லது மின்தூண்டல் மூலம் வெளியிலிருந்து வெப்பம் ஊட்டப்படுகிறது. இத்தகைய கருவிகள் பெரும்பாலும் கஞ்சாவுக்கே பயன்படுத்தப்படுகின்றன. ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த டைனாவேப் நிறுவனம் தயாரிக்கும் வேப்கேப் இவ்வகையில் பரவலாக அறியப்பட்ட ஒன்றாகும்.

வேப்கேப்பின் பகுதிகளைத் தனித்தனியே கழற்றி, வேறு பொருளாலான பகுதிகளைப் பொருத்த முடியும். இதனால் ஒரே கருவி பல அமைப்புகளில் பயன்படுகிறது. தக்க சூட்டை எட்டியதும் இக்கருவி ஒரு சொடுக்கொலி எழுப்பும். ஆனால் அவ்வொலி அறிவிப்பது மூடியின் வெப்பநிலையையே. உள்ளே இருக்கும் மூலிகையின் வெப்பநிலையை அன்று. இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளி அமைப்புக்கு அமைப்பு மாறுபடுகிறது.

அடிப்படைக் கோட்பாடு

தாவரங்களின் மணத்துக்கும் மருந்தியல் விளைவுக்கும் காரணமான பல சேர்மங்கள், தாவர நார் எரியத் தொடங்கும் முன்பே ஆவியாகிவிடுகின்றன. எடுத்துக்காட்டாக, யூக்கலிப்டசு எண்ணெயின் முதன்மைச் சேர்மமான யூக்கலிப்டாலின் கொதிநிலை ஏறத்தாழ 176 பாகை செல்சியசு. மெந்தாலின் கொதிநிலை ஏறத்தாழ 212 பாகை. கஞ்சாவுக்கான ஆவியாக்கிகள் பொதுவாக 160 முதல் 220 பாகை வரையிலான எல்லைக்குள் இயங்குகின்றன. ஏறத்தாழ 230 பாகையைத் தாண்டும்போது தாவரப் பொருள் கருகத் தொடங்குகிறது. கருகினால் தார், கார்பன் மோனாக்சைடு, பென்சீன் முதலியவை உண்டாகின்றன.

பியூட்டேன் சுடரின் வெப்பநிலையோ 1,000 பாகைக்கும் மேற்பட்டது. அவ்வளவு சூடான சுடரைக் கொண்டு, சில பத்துப் பாகைகளே அகலமுள்ள எல்லைக்குள் மூலிகையை நிறுத்துவதே இக்கருவி தீர்க்க முயலும் பொறியியல் சிக்கல் ஆகும்.

பகுதிகள்

முனை: மூலிகை இடப்படும் சிறு கிண்ணத்தைக் கொண்டது. கிண்ணம் ஏறத்தாழ 0.1 கிராம் கொள்ளும்.
மூடி: முனையின் மேல் பொருந்தும் எஃகுக் குப்பி. இதன் அடியில் ஈருலோகத் தகடுகள் உள்ளன.
உடல்: முனையைத் தாங்கும் குழாய். இதன் பக்கவாட்டில் ஒரு காற்றுத்துளை உண்டு.
ஒடுக்கி: உடலினுள் செல்லும் மெல்லிய உலோகக் குழாய். ஆவி இதன் வழியே வரும்போது குளிர்கிறது. அதன் ஒரு பகுதி சுவரில் பிசினாகப் படிகிறது.
வாய்முனை: உள்ளிழுக்கும் பகுதி.

இயங்கும் முறை

வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு, சூடேறும்போது வளைகிறது. 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் கடிகாரப் பொறிஞர் சான் அரிசன், வெப்பநிலை மாற்றத்தால் கடிகாரத்தில் ஏற்படும் பிழையைச் சரிசெய்ய இத்தகைய பட்டையைப் பயன்படுத்தினார். தகட்டைக் குழிவான வட்டாக வடித்தால், அது மெல்ல வளையாமல் குறிப்பிட்ட வெப்பநிலையில் திடீரென்று மறுபுறம் புரளும். இசுதிரிப்பெட்டி, காபி இயந்திரம் போன்றவற்றின் வெப்பக் காப்புச் சாவிகளிலும் இக்கோட்பாடு பயன்படுகிறது.

வேப்கேப்பில் இப்புரளலே சொடுக்கொலியாகக் கேட்கிறது. ஒலி கேட்டதும் சூடாக்குவதை நிறுத்தி உள்ளிழுக்க வேண்டும். மூடி குளிரும்போது, முன்னதிலும் தாழ்ந்த ஒரு வெப்பநிலையில் தகடு பழைய நிலைக்குத் திரும்பி மீண்டும் ஒலி எழுப்பும். இந்த இரண்டாம் ஒலிக்கு முன்பே மறுபடி சூடாக்கினால், எச்சரிக்கை ஒலி எழாமலேயே மூலிகை கருகக்கூடும்.

அமைப்புகளின் ஒப்பீடு

முனையின் பொருள்

முனைகள் துருவேறா எஃகிலோ தைட்டானியத்திலோ செய்யப்படுகின்றன. எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 8 கிராம். தைட்டானியத்தின் அடர்த்தி 4.5 கிராம். இரண்டின் தன்வெப்பக் கொள்ளளவும் கிராம்-கெல்வினுக்கு ஏறத்தாழ 0.5 சூல் ஆகும். எனவே ஒரே அளவும் வடிவமும் உள்ள முனைகளை ஒரே வெப்பநிலைக்கு உயர்த்தும்போது, எஃகு முனை தைட்டானிய முனையைவிட ஏறத்தாழ 1.7 மடங்கு வெப்பத்தைச் சேமிக்கிறது.

இதன் விளைவாக எஃகு முனை மெதுவாகச் சூடேறி, மெதுவாகக் குளிர்கிறது. நீண்ட இழுப்பிலும் ஆவி குறையாமல் வரும். தைட்டானிய முனை விரைவில் சூடேறி விரைவில் ஆறிவிடும். ஒவ்வொரு இழுப்பும் குறுகியதாகவும் மென்மையாகவும் இருக்கும். ஒரே ஒலியைக் கேட்டு இழுத்தாலும் மூலிகைக்குக் கிடைக்கும் மொத்த வெப்பம் இரண்டிலும் ஒன்றன்று.

உடலின் பொருள்

துருவேறா எஃகின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு ஏறத்தாழ 16 வாட். கண்ணாடியின் கடத்துதிறன் ஏறத்தாழ 1 வாட் மட்டுமே. மரத்தின் கடத்துதிறன் அதனினும் குறைவு. அதனால் உலோக உடல் தொடர்ச்சியான பயன்பாட்டில் கையைச் சுடலாம். மர உடல் சுடாது. ஆனால் மரம் ஈரத்தால் விரிந்து சுருங்கும். தூய்மையாக்கும் சாராயத்தில் ஊறவைக்க இயலாது. கண்ணாடி எளிதில் தூய்மையாகும். கீழே விழுந்தால் உடையும்.

கிண்ணத்தின் அளவு

கிண்ணத்தின் உட்சுவரில் உள்ள வரிப்பள்ளங்களில் வலைத்தட்டை மேலும் கீழும் நகர்த்தி, முழுக் கிண்ணமாகவோ அரைக் கிண்ணமாகவோ அமைக்கலாம். தாவரப் பொருள் வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே முழுக் கிண்ணத்தில் சுவரை ஒட்டிய பகுதி நன்கு சூடேறியிருக்க, நடுப்பகுதி பின்தங்கக்கூடும். அரைக் கிண்ணத்தில் இவ்வேறுபாடு குறைவு.

காற்றுத்துளை

துளையை விரலால் மூடினால் காற்று முழுவதும் கிண்ணத்தின் வழியே செல்கிறது. ஆவி அடர்த்தியாக வரும். துளையைத் திறந்தால் வெளிக்காற்று கலந்து ஆவி நீர்த்துக் குளிரும். கிண்ணத்தின் வழியே செல்லும் காற்றும் குறையும்.

வெப்ப மூலமும் சூடாக்கும் இடமும்

ஒற்றைச் சுடர் மெதுவாகச் சூடாக்குவதால் மூடிக்கும் மூலிகைக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு குறைவாக இருக்கும். முச்சுடர் விரைவானது, ஆனால் வெளிப்பரப்பு முந்திச் சூடேறுவதால் ஓரம் கருகவும் நடுப்பகுதி ஆவியாகாமல் எஞ்சவும் வாய்ப்புண்டு. சுடரைத் தகடுகள் உள்ள நுனியருகே காட்டினால் ஒலி விரைவில் எழும். கிண்ணம் அவ்வளவாகச் சூடேறியிராது. மூடியின் திறந்த விளிம்பருகே காட்டினால் தகடு தாமதமாகவே உணரும். அதற்குள் கிண்ணம் மிகுதியாகச் சூடேறிவிடும்.

மின்தூண்டல் சூடாக்கியில் மூடி எப்போதும் ஒரே ஆழத்தில் நிற்குமாறு அமைக்கலாம். அதனால் கையின் நடுக்கமோ காற்றின் வீச்சோ முடிவை மாற்றாது. ஒரே முடிவை மீண்டும் மீண்டும் பெறுவதற்கு இம்முறை ஏற்றது.

பிற வகைகள்

மரத்தாலான ஸ்டிக்கி பிரிக் என்னும் கருவியில் கண்ணாடி நுழைவாய் வழியாகச் சுடரின் சூடான காற்றே மூலிகைக்குள் இழுக்கப்படுகிறது. இதில் எச்சரிக்கை ஒலி இல்லை. சுடரின் தொலைவும் மூச்சின் வேகமுமே வெப்பநிலையைத் தீர்மானிக்கின்றன. செருமனியின் இசுடோர்சு அண்டு பிக்கெல் நிறுவனத்தின் வோல்கேனோ மின்சாரத்தால் இயங்குவது. வெப்பநிலையைத் தேர்ந்து அமைக்கும் வசதி கொண்டது. இதன் மருத்துவப் பதிப்பும் உள்ளது.

உடல்நலம்

2007-ஆம் ஆண்டில் டொனால்டு ஏப்ராம்சும் பிறரும் கலிபோர்னியாவில் 18 பேரிடம் நடத்திய ஆய்வில், வோல்கேனோ மூலம் உள்ளிழுத்தபோது வெளிமூச்சில் கார்பன் மோனாக்சைடு புகைத்தலைவிட மிகக் குறைவாக இருந்தது. 2018-ஆம் ஆண்டில் சான்சு ஆப்கின்சு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எப்போதாவது மட்டும் கஞ்சா பயன்படுத்தும் 17 பேரிடம் நடத்திய ஆய்வில், ஒரே அளவு கஞ்சா புகைத்தலைவிட ஆவியாக்கத்தில் கடுமையான விளைவுகளை உண்டாக்கியது. அதாவது, புகை குறைந்தால் போதைப்பொருளின் தாக்கமும் குறையும் என்பதில்லை.

இவ்விரு ஆய்வுகளும் வெப்பநிலை கட்டுப்படுத்தப்பட்ட மின்கருவியைக் கொண்டு செய்யப்பட்டவை. கையியக்கக் கருவியில் மூலிகை கருகினால் அது புகைத்தலே ஆகும். எனவே அம்முடிவுகளை இதற்கு அப்படியே பொருத்த இயலாது. இழுப்பில் கரிந்த சுவை, கிண்ணத்தில் கருஞ்சாம்பல் ஆகியவை எரிதலின் அறிகுறிகள். பழுப்பு நிறமாகியும் உருக்குலையாத எச்சம் ஆவியாக்கத்தைக் காட்டும்.

ஒலி அடங்கிய பின்னும் மூடி தோலைச் சுடும் சூட்டில் இருக்கும். பகுதிகளைத் தூய்மையாக்கப் பயன்படும் ஐசோபுரோப்பைல் ஆல்ககால் எளிதில் தீப்பற்றக் கூடியது. அது முற்றிலும் உலர்ந்த பின்னரே கருவியைச் சுடரருகே கொண்டு செல்ல வேண்டும்.

சட்டநிலை

பயன்பாட்டின் சட்டநிலை, உள்ளே இடப்படும் பொருளையும் நாட்டையும் பொறுத்தது. கனடாவில் 2018 அக்டோபர் 17 முதலும், செருமனியில் 2024 ஏப்ரல் 1 முதலும் வயதுவந்தோர் கஞ்சாவை வைத்திருப்பது வரம்புகளுடன் அனுமதிக்கப்பட்டது. இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருட்கள் மற்றும் உளவெறியூட்டும் பொருட்கள் சட்டத்தின்படி, கஞ்சாச் செடியின் பூந்தலைகளையும் பிசினையும் வைத்திருப்பது தண்டனைக்குரிய குற்றம் ஆகும்.

இவற்றையும் பார்க்கவும்

ஈருலோகப் பட்டை
வெப்பக் கடத்துதிறன்
மின்தூண்டல்
எரிதல்