குழந்தையும் தெய்வமும்
குழந்தையும் தெய்வமும் 1965 ஆம் ஆண்டு நவம்பர் 19 அன்று வெளிவந்த தமிழ்த் திரைப்படமாகும். ஏவிஎம் நிறுவனத்தின் தயாரிப்பான இப்படத்தைக் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கினர். ஜெய்சங்கர், ஜமுனா, ஜி. வரலட்சுமி, நாகேஷ் மற்றும் பலர் நடித்துள்ளனர். இரட்டைச் சகோதரிகளான இரு பள்ளிச் சிறுமியரின் வேடங்களிலும் குட்டி பத்மினி நடித்தார். பிரிந்து வாழும் பெற்றோரால் தனித்தனியே வளர்க்கப்பட்ட இரு சிறுமியர், தம் உறவை அறிந்து, இடம் மாறிச் சென்று குடும்பத்தை ஒன்று சேர்ப்பதே இப்படத்தின் கதையாகும்.

கதைச்சுருக்கம்

செல்வக் குடும்பத்துப் பெண்ணான பாமாவும் சேகரும் காதலித்து மணந்துகொள்கின்றனர். பாமாவின் தாய் கணவனை அடக்கி ஆள்பவர். மருமகனும் அவ்வாறே பணிந்திருக்க வேண்டும் என எதிர்பார்க்கிறார். வீட்டோடு மாப்பிள்ளையாக இருக்கும் சேகர், ஒரு கட்டத்தில் பொறுக்க இயலாமல் இரட்டைக் குழந்தைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியேறுகிறார். மற்றொரு குழந்தை தாயிடம் வளர்கிறது. ஆண்டுகள் பல கடந்தபின் லல்லி, பத்மினி என்னும் அவ்விரு சிறுமியரும் ஒரே பள்ளியில் சந்திக்கின்றனர். தாம் உடன்பிறந்தவர்கள் என்பதை அறிந்ததும், ஒருத்தியின் வீட்டுக்கு மற்றவள் செல்கிறாள். தாயைக் காணாதவள் தாயையும், தந்தையைக் காணாதவள் தந்தையையும் அடைகின்றனர். ஆயினும் இருவரும் பிறர் பெயரிலேயே அந்த அன்பைப் பெற வேண்டியுள்ளது.

இசை

எம். எஸ். விஸ்வநாதன் இசையமைத்தார். கண்ணதாசன், வாலி ஆகியோர் பாடல்களை எழுதினர்.

மூலக்கதை

இப்படம், ஹேலி மில்ஸ் இரு வேடங்களில் நடித்த "தி பேரன்ட் டிராப்" (1961) என்னும் அமெரிக்கத் திரைப்படத்தைத் தழுவியது. அந்த அமெரிக்கப் படமோ, ஜெர்மன் எழுத்தாளர் எரிக் கேஸ்ட்னர் 1949 இல் வெளியிட்ட சிறுவர் புதினத்தை அடிப்படையாகக் கொண்டது. "இரட்டை லாட்டி" எனப் பொருள்படும் தலைப்புடைய அப்புதினத்தில், மலைசூழ்ந்த ஓர் ஏரிக்கரையிலுள்ள விடுமுறை இல்லத்தில் வியன்னாவைச் சேர்ந்த லூயிசும் மியூனிக்கைச் சேர்ந்த லாட்டியும் சந்திக்கின்றனர். தன் முகத்தையே இன்னொருத்தியிடம் கண்ட லூயிசு முதலில் சினம் கொள்கிறாள். பகையாகத் தொடங்கும் உறவு, இருவரின் பிறந்தநாளும் ஒன்றே என்று தெரிந்தபின் நட்பாகவும், பின்னர் பெற்றோர் மறைத்துவைத்த உண்மையைத் தேடும் கூட்டு முயற்சியாகவும் மாறுகிறது.

நாட்சி ஆட்சியில் கேஸ்ட்னரின் நூல்கள் 1933 இல் பெர்லினில் எரிக்கப்பட்டன. பின்னர் அவர் எழுதுவதற்கும் தடை விதிக்கப்பட்டது. 1942 இல் சிறிது காலம் அனுமதி கிடைத்தபோது இக்கதையை அவர் திரைப்படத்துக்காகவே உருவாக்கினார். மீண்டும் தடை வந்ததால் அது அப்போது படமாகவில்லை. 1950 இல் யோசெப் ஃபோன் பாக்கி இதனைப் படமாக்கினார். மணவிலக்குச் சிறுவர் நூலுக்கு உகந்த பொருளா என்னும் ஐயத்துக்குப் புதினத்திலேயே கேஸ்ட்னர் விடையளித்துள்ளார். பெற்றோர் பிரிவதால் துன்புறும் குழந்தைகள் உள்ளனர். பிரியாமல் இருப்பதால் துன்புறும் குழந்தைகளும் உள்ளனர் என்பது அவர் கருத்து.

தமிழில் செய்யப்பட்ட மாற்றங்கள்

ஜெர்மன் மூலத்தில் பெற்றோர் சட்டப்படி மணவிலக்குப் பெற்றவர்கள். இளம் வயதுத் திருமணமும், தனிமையை நாடிய தந்தையின் இசைப் பணியும் பிரிவுக்குக் காரணங்களாகின்றன. தமிழ்ப் படத்தில் மாமியாரின் ஆதிக்கமும் வீட்டோடு மாப்பிள்ளையின் தன்மானமும் காரணங்களாக அமைந்தன. எனவே இங்குச் சிறுமியர் சரிசெய்ய வேண்டியது கணவன் மனைவியின் பிணக்கை மட்டுமன்று, பாட்டியின் செருக்கையும் ஆகும்.

இரட்டை வேடம்

ஒருவரையே ஒரே காட்சியில் இருவராகக் காட்டுவதற்குக் கணினி இல்லாத காலத்தில் மறைப்பு முறை பயன்பட்டது. கேமராவின் பாதிப் பகுதியை மறைத்து ஒரு வேடத்தைப் படமாக்குவர். பின்னர் பிலிம் சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, மறுபாதியை மறைத்து அடுத்த வேடத்தைப் படமாக்குவர். கேமரா சற்றும் அசையாதிருத்தல் வேண்டும். நடிப்பவரும் இல்லாத ஒருவரை நோக்கிப் பேச வேண்டும்.

தமிழில் முதன்முதலாக இரட்டை வேடம் இடம்பெற்ற படமாக "உத்தம புத்திரன்" (1940) கூறப்படுகிறது. பி. யு. சின்னப்பா நடித்த அப்படத்தைத் தயாரித்தது, சேலத்தில் சேர்வராயன் மலையடிவாரத்தை ஒட்டி ஏற்காடு சாலையில் இயங்கிவந்த மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனமாகும். அது அரசகுலத்து இரட்டையரின் கதை. கால் நூற்றாண்டுக்குப் பின் அதே உத்தி பள்ளிச் சிறுமியரின் கதைக்குப் பயன்பட்டது.

விருது

1965 ஆம் ஆண்டுக்கான தேசிய திரைப்பட விருதுகளில், சிறந்த தமிழ்த் திரைப்படத்துக்கான விருதை இப்படம் பெற்றது.

மறு ஆக்கங்கள்

* லேத மனசுலு (1966) - தெலுங்கு. இதிலும் குட்டி பத்மினியே நடித்தார்.
* தோ கலியான் (1968) - இந்தி. பின்னாளில் நீத்து சிங் என அறியப்பட்டவர், பேபி சோனியா என்னும் பெயரில் இரட்டையராக நடித்தார்.

பிற நாடுகளில்

ஜப்பானில் 1951 ஆம் ஆண்டிலேயே பாடகி ஹிபாரி மிசோரா நடிப்பில் இக்கதை திரைப்படமானது. 1991 இல் டோக்கியோ மூவி நிறுவனம் இதனை 29 பகுதிகள் கொண்ட அனிமே தொடராகத் தயாரித்தது. அத்தொடரின் தலைப்பு "நானும் நானும்: இரண்டு லாட்டிகள்" எனப் பொருள்படும். எதிரே நிற்பவளும் "நானே" என்று ஒரு சிறுமி உணர்வதை அத்தலைப்பு குறிக்கிறது. அமெரிக்காவில் 1998 இல் லின்ட்சே லோகன் நடிப்பில் "தி பேரன்ட் டிராப்" மீண்டும் படமாக்கப்பட்டது.